மெர்வின் பாஸ்கோவின் துருப்பிடிக்காத வரிசை

ஆஸ்திரேலியாவில் எங்கள் விம்மெராப் பக்கம் எந்தப் பண்ணைக்குப் போனாலும் கொட்டகைக்குப் பின்னால் செத்த இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். தாத்தா காலத்துக் கலப்பை, ஓடாத லாரி, பல் போன அறுவடை இயந்திரம். விற்கவும் மனசு வராது, பழுது பார்க்கவும் துப்பு இருக்காது. அப்படியே துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகும். என் பக்கத்துப் பண்ணைக்காரன் மெர்வின் பாஸ்கோவின் வரிசைக்கு மட்டும் அந்த நிம்மதி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே கால்பந்து பார்க்கப் போனால், இவன் ஒரு வாளி வேஸ்ட் ஆயிலும் தூரிகையுமாக அங்கே போய் உட்கார்ந்துவிடுவான். அப்பா விட்டுப்போன சிவப்பு அறுவடை இயந்திரத்துக்குத் தலை முதல் கால் வரை எண்ணெய்க் குளியல். பெற்ற பிள்ளையைக்கூட இவன் இப்படிக் குளிப்பாட்டியதில்லை என்று அவன் மனைவி நோலா, உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். கோடையில் இன்னும் விசேஷம். புழுதியில் உப்பு இருக்கிறதாம், அது இரும்பை அரிக்குமாம். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் நாங்கள் குளிக்கவே யோசிக்கிற ஜனவரி வெயிலில், குட்டைத் தண்ணீரைக் குழாய் வைத்து அந்த இயந்திரங்களுக்குப் பீய்ச்சுவான்.

போன வருஷம் அவன் மகள் பிரைடி, மேற்கே சுரங்க வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற வயலைக் கேட்டாள்.

"ஒரே ஒரு போகம்ப்பா. நல்லா வந்தா இங்கயே இருந்துடறேன். இல்லன்னா சுரங்கத்துக்கே போறேன்."

"மேற்கு மூலையில வேலி சாஞ்சு கிடக்கு. முதல்ல அதைப் பாரு," என்றான் மெர்வின்.

அவன் பாஷையில் அது கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்த மாதிரி. நோலா போன பிறகு டப்பா பீன்ஸைச் சட்டியோடு நின்றுகொண்டே தின்று வாழ்ந்தவன். மகள் வந்ததும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். அவள் தங்கிவிட வேண்டும் என்ற ஆசை முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது, வாயில் மட்டும் வரவில்லை.

விதைப்புக்கு முன்னால் பிரைடி ஒன்று கவனித்தாள். தானியம் சேமிக்கிற சைலோவிலிருந்து சிந்திய கோதுமை அந்த இயந்திரங்களுக்கு அடியில் தானாக முளைத்து, பச்சைப்பசேலென்று நின்றது.

"களைக்கொல்லி அடிச்சிடலாம்ப்பா. இலையில வர்ற துரு நோய் கோடை முழுக்க அந்தப் பச்சையில தங்கியிருந்து, புதுப் பயிருக்குத் தாவிடும்."

"அந்த மருந்து இரும்பைத் தின்னுடும். என் வரிசைக்கிட்ட கொண்டுவராத."

"அப்ப நோய்?"

"வெயில்ல அதுவா கருகிடும், விடு."

கருகியிருக்கும்தான், இந்த மகாராஜா குழாயை மூடியிருந்தால். அவள் அதற்கு மேல் வாதாடவில்லை.

செப்டம்பரில் பிரைடியின் பயிரில் இலைக்கு இலை மஞ்சள் கோடு. தொட்டால் கையெல்லாம் பொடி. மெர்வின் நேராக என் வாசலுக்கு வந்தான்.

"கிளெம், இது உன் வயல்லேந்துதான் வந்திருக்கு. காத்து உன் பக்கத்துலேந்துதான அடிக்குது."

"என் வயல்ல ஒரு இலையில காட்டுய்யா, பாக்கலாம்."

"வயலைப் பாக்கணுமா? வாசல்ல நிக்கிற உன் லாரியைப் பாத்தாலே தெரியுதே லட்சணம்."

லாரியில் துரு இருந்தால் வயலிலும் இருக்குமாம். அப்படி ஒரு விஞ்ஞானம். அதை மதுக்கடையிலும் போய் ஊருக்கே பாடம் எடுத்துவிட்டு வந்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என்றைக்காவது மாட்டுவாய் என்று நாலைந்து நல்ல வார்த்தைகளைத் தயார்செய்து வைத்துக்கொண்டேன்.

பிரைடி பூஞ்சைக்கொல்லி அடித்தாள். வயலின் ஒரு ஓரம் மட்டும் தேறவேயில்லை. அது கொட்டகை ஓரம். ஒருநாள் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு இயந்திர வரிசைக்குள் நடந்தாள். வெளியே வந்தபோது அவளுடைய கறுப்புக் கால்சட்டை முழங்கால்வரை மஞ்சள். எங்களைப் பார்த்து மெர்வின் ஓடிவந்தான்.

"இங்கேருந்துதான்ப்பா பரவியிருக்கு."

"எங்கேருந்து? நல்லாப் பாரு." கைக்குட்டையை எடுத்து அப்பாவின் இயந்திரத்தைத் துடைத்துக் காட்டினான். எண்ணெய்க் கறை தவிர ஒன்றுமில்லை. "அடிப்பக்கமும் பாரு" என்று கோதுமைக்குள் மண்டியிட்டு அங்கேயும் துடைத்தான். எழுந்தபோது அவன் கால்சட்டையும் மஞ்சளாகியிருந்தது. தட்டிப் பார்த்தான், போகவில்லை. பக்கத்தில் அந்தக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் தயார்செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட என் வாயிலிருந்து வரவில்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

டிசம்பரில் பாதி விளைச்சல்தான் வீடு வந்தது. சுரங்கத்தில் திரும்பக் கூப்பிடுகிறார்கள், திங்கட்கிழமை கிளம்புகிறேன் என்று பிரைடி என்னிடம் சொன்னாள். அப்பாவிடமும் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதும் அவன், வரிசையை எடுத்துப்போகச் சொல்லிப் பழைய இரும்புக்காரனுக்குப் போன் மட்டும் போட்டிருக்கிறான்.

திங்கட்கிழமை காலை பிரைடியை வழியனுப்பப் போனேன். இரும்பு லாரி இன்னும் வரவில்லை. மெர்வின் வாளியும் தூரிகையுமாக அப்பாவின் இயந்திரத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான்.

"ஏய்யா, நசுக்கி உருக்கப் போறாங்க. இதுக்கு எதுக்கு எண்ணெய்?" என்று கேட்டேன்.

"வழியில மழை வந்தா?" என்றான், திரும்பாமலே.

பிரைடி தோளில் பையோடு வந்தவள் அதைக் கேட்டு நின்றுவிட்டாள். காலியான தரையைப் பார்த்தாள், மற்ற இயந்திரங்களையெல்லாம் அவன் ஏற்கெனவே சாலை ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தான். அந்தக் கோதுமை முழுவதும் அவன் அடித்த களைக்கொல்லி பட்டுக் கருகிக் கிடந்தது. பையைத் தரையில் வைத்துவிட்டு, வாளியிலிருந்த இன்னொரு தூரிகையை எடுத்து அந்தப் பக்கத்திலிருந்து பூச ஆரம்பித்தாள்.

மெர்வின் தன் பக்கத்தைப் பூசி முடித்தான். அப்புறம் எட்டிப் பார்த்தான்.

"அச்சுக்கு அடியில விட்டுட்ட, பாரு."