பிரியாத பலகை

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று மழையில் நனைந்த பழைய தேயிலைப் பெட்டியிலிருந்து புளித்த பால் வாடை வந்தது. அது மெல்லிய ஏடுகளை ஒட்டிச் செய்த ஒட்டுப் பலகையின் பசை வாடை. தேயிலைப் பெட்டி செய்ய இந்தப் பலகை கப்பலில் வந்த காலத்தில், தெஹியோவிட்டப் பக்கத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறையான லயக் காம்பரா முழுக்க ஒரு மாதம் அந்த நாற்றம்தான்.

ஆற்றுக்கு அக்கரைத் தோட்டத்தில் சின்னம்மா நிறைமாதமாக இருந்தாள். வெள்ளம் வந்தால் பிரசவத்துக்கு அம்மா போக முடியாதென்று அப்பா சின்னத் தோணி ஒன்று கட்டக் கிளம்பினார். எந்தப் பலகை தண்ணீர் தாங்கும் என்று பார்க்க, ஒவ்வொரு துண்டாகச் சோற்றுப் பானையில் போட்டு வேகவைத்தார். எல்லாம் ஏடு ஏடாகப் பிரிந்தன.

"ஏங்க, பலகைய வடிச்சுத்தான் புள்ளைகளுக்குப் போடணுமா?" என்று அம்மா கத்துவாள்.

"சும்மா இரு. ஆத்துல பிரிஞ்சா நீதான் முழுகுவ."

வெள்ளம் வந்தது, தோணி வரவில்லை. அம்மா திட்டிக்கொண்டே பாலம் இருக்கும் ஊர்வரை சுற்றி நடந்து போனாள். அவள் திரும்பியபோது அப்பா ஒரு பலகையைத் தூக்கிக் காட்டினார்.

"இது பிரியல, பாத்தியா!"

"புள்ள பொறந்தாச்சு. குளிப்பாட்ட உக்கார மணை இல்லாம தங்கச்சி கஷ்டப்படுறா. அந்தப் பலகையக் குடுங்க."

"இரு, ஓரத்த இழைச்சுத் தாரேன்."

"வேணாம். நீங்க இழைக்கிறதுக்குள்ள புள்ள நடந்துரும்."

எழுதிய நாள்: ஆடி பதினெட்டு.