என்ன காணோம், சொல்லுங்க

என் மருமகள் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டு ஓடிவந்தவளாம்! மாடி வீட்டுக்காரி படிக்கட்டில் நின்றுகொண்டு சொல்கிறாள். "நீ பாத்தியாடி?" என்று கேட்டால், "எல்லாரும் சொல்றாங்க பெரியம்மா" என்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுதான். ஆனால் அன்றைக்கு அந்தக் கடையில் ஊரா இருந்தது? நான் இருந்தேன். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அது மூக்குக்கண்ணாடிக் கடை. முன்னால் பெரிய கண்ணாடிக் கதவு, சுவர் முழுக்க பிரேம்கள், பின்னால் காற்று வராத ஒரு சின்ன அறை. யாருக்கு என்ன பவர், எந்த பிரேம், என்றைக்குத் தரவேண்டும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி பில் போடுவது என் மருமகளின் வேலை. ஸ்க்ரூ முடுக்குவதும் அவள்தான். என் மகன் கால் உடைந்து படுத்ததிலிருந்து அவள் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திடீரென்று நத்தையாகிவிட்டது. ஒரு பில் வருவதற்குள் வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். முதலாளியோ, "உனக்குக் கை ஓடலையா?" என்று இவளைத்தான் திட்டினார்.

அதைவிடப் பெரிய கூத்து ஒன்று. சாப்பாட்டு வேளையில் அந்த கம்ப்யூட்டரிலிருந்தே வெளியூரில் இருக்கும் தன் அக்காவுக்கு நாலு வரி எழுதுவாள். "இங்க மரியாதை இல்லக்கா, வேற கடை பாக்கணும்" என்று ஒருநாள் எழுதினாள். மறுநாள் முதலாளி பல்லைக் காட்டிக்கொண்டு, "என்னம்மா, வேற கடை பாக்கறியாமே?" என்றார். என்னிடம்கூடச் சொல்லாத விஷயம் அது!

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் சாப்பிடப் போயிருந்தபோது முதலாளி ஓர் ஆளைக் கூட்டிவந்து, சுத்தம் செய்ய என்று கம்ப்யூட்டர்முன் உட்காரவைத்தாரே, அன்றைக்குப் பிடித்த சீக்கு இது. திரையில் இவள் எழுதுவதை ஒன்றுவிடாமல் முதலாளியின் போனுக்குக் காட்டிக்கொடுக்கும் ஏதோ ஒன்றை உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அன்று ராத்திரி வீட்டில் அவள் சொன்னாள், கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல குணம் உண்டாம். தான் நன்றாக இருந்த நாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். கேட்டால் அந்த நிலைக்கே திரும்பிப் போகுமாம். எழுதிய பில் அப்படியே இருக்குமாம், பிறகு உள்ளே வைத்த சாமான் மட்டும் கழன்றுவிடுமாம்.

"தப்பாப் போன தையலைப் பிரிக்கிற மாதிரியா?" என்றேன்.

"அதேதான் அத்தை. துணி கிழியாது."

மறுநாள் கடையில், அந்த ஆள் வந்ததற்கு முந்தைய நாளைக் காட்டித் திருப்பிவிட்டாள். கம்ப்யூட்டர் பழையபடி பறந்தது.

அன்று மாலை, என் கண்ணாடியின் கால் ஆடுகிறதே என்று நானும் கடைக்குப் போயிருந்தேன். நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். முதலாளி தன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. இவளிடம் பாய்ந்தார்.

"கம்ப்யூட்டரை என்ன பண்ணின? எல்லாத்தையும் அழிச்சிட்டியா?"

"எதுவும் அழியலையே சார். பில் இருக்கு, பவர் இருக்கு. என்ன காணோம், சொல்லுங்க. தேடித் தர்றேன்."

"அது... இருந்துச்சு. இப்ப இல்ல."

"அதான் சார், எது?"

என் பக்கத்தில் நின்ற பெரியவர், "பேர் இல்லாத பொருளா இருக்கும், விடும்மா" என்று சிரித்தார். முதலாளி திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல முழித்தார். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வார்? கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு அவன் வருவான், மறுபடியும் வைப்பான். இஷ்டம்னா இரு, இல்லேன்னா கிளம்பு" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். அடுப்பு, மகனின் கால் எல்லாம் என் கண்முன் வந்துபோனதை நான் மறைக்கமாட்டேன். ஆனாலும் தலைமேல் ஒருவன் குந்திக்கொண்டு எட்டிப்பார்க்க, அதன்கீழ் சம்பாதிக்கும் சோறு தொண்டையில் இறங்குமா?

"என்னை எதுக்குடி பாக்கறே? கதவு அங்க இருக்கு" என்றேன்.

"இருங்க அத்தை."

நிதானமாக என் கண்ணாடியின் ஸ்க்ரூவை முடுக்கினாள். துடைத்து என் மூக்கில் மாட்டினாள். பையை எடுத்துக்கொண்டாள். வேலைக்காரர்கள் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போகவேண்டும் என்பது அந்தக் கடைச் சட்டம். இவள் முன்கதவுக்கு நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். தினமும் காலையில் அவளே பளபளவென்று துடைக்கும் கதவு. உள்ளங்கை முழுக்கப் பதிய அழுத்தித் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

பின்னாலேயே போன நான், கண்ணாடியில் பதிந்திருந்த அவள் கை அச்சுக்குப் பக்கத்தில் என் கையையும் பதித்துவிட்டு வந்தேன்.