முன்வரிசையில் தனகோட்டி

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் தனகோட்டி பதினோரு வருடம் பிரசவ வார்டில் ஆயா வேலை பார்த்தாள். பிறந்த குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, வெளியே நிற்கும் சொந்தக்காரர்களிடம் கொண்டுவந்து காட்டுவது அவள் வேலை. அடங்காமல் அழும் குழந்தையை நர்சுகள் அவளிடம்தான் கொடுப்பார்கள். இடது தோளில் சாய்த்துக்கொண்டு நடக்க ஆரம்பிப்பாள். கொஞ்சவும் மாட்டாள், பாடவும் மாட்டாள். வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள், அவ்வளவுதான். நாலாவது சுற்றில் குழந்தை தூங்கிவிடும்.

அவள் கணவன் விநாயகம் திண்டிவனம் ரோட்டில் ராஜாராமின் அரிசி மில்லில் பாய்லர் வேலை பார்த்தான். இருபத்திரண்டு வருடம் ஒரே மில். ராஜாராமின் ஒரே மகன் பரணிதரன் மெல்போர்னில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். மனைவி ஹேமா பாண்டிச்சேரிப் பெண், தாய் இல்லாதவள். அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது, கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ராஜாராம் தனகோட்டியைக் கேட்டார். கேட்டார் என்பதைவிடச் சொன்னார் என்பதுதான் சரி. அத்தை முறை என்று எழுதி விசா வாங்கினார்கள். அழைத்துப்போக வந்த பரணிதரன் விமானத்தில் முன்பக்கம் உட்கார்ந்தான். அவள் பின்பக்கம், கழிவறைக்குப் பக்கத்து வரிசையில், கண்ணை இறுக மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

மெல்போர்ன் வீட்டில் ஆறு மாதம் இருந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்தார்களே தவிர ஒரே அறையில் இல்லை. சண்டை என்று எதுவும் அவள் காதில் விழவில்லை. ஹேமா போன் பேச வேண்டுமென்றால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவாள். பரணிதரன் பிறகு சமையலறைக்கு வந்து, "யாராண்ட பேசினா, அக்கா?" என்று சாதாரணமாகக் கேட்பான். "எனக்குத் தெரியாது தம்பி" என்று அவளும் சாதாரணமாகச் சொல்வாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது.

குழந்தை தாரிணிக்கு ஏழு மாதம் ஆனபோது ஹேமா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மூன்றாவது நாள், புதன்கிழமை, காலை ஏழரைக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று குழந்தைக்குக் கையாட்டினாள். தாய்ப்பாலை எடுத்து பிரிட்ஜில் நாலு புட்டியில் வைத்திருந்தாள். அவள் கார் தெருமுனை திரும்பியதும் பரணிதரன் மாடியிலிருந்து இறங்கி வந்தான்.

"அக்கா, கெளம்புங்க. நைனாவுக்கு நெஞ்சு வலி. செஞ்சிக்குப் போறோம்."

"ஐயோ, எப்ப தம்பி?"

"காலைலதான் போன் வந்துச்சு. பாப்பாவப் பாக்கணும்னு கேக்கறாரு."

"ஹேமாம்மா?"

"அவளுக்கு லீவு கெடைக்கல. ரெண்டு நாள் கழிச்சி வருவா."

தனகோட்டி நம்பினாள். நெஞ்சு வலி என்றால் யார்தான் நம்பமாட்டார்கள். ஆனால் காருக்குப் போனபோது பெட்டிகள் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தன. அவளுடைய துணிப்பையும் அதில் இருந்தது. அதை அவள் கட்டவில்லை. விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டோடு போனையும் வாங்கி, "என்கிட்டயே இருக்கட்டும், தொலைச்சிடுவீங்க" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிரிட்ஜில் இருந்த பாலை எடுத்துவர அவன் விடவில்லை. பால்பவுடர் டப்பா வாங்கியிருந்தான்.

இந்த முறை அவளையும் முன்பக்கத்தில் உட்கார வைத்தான். அவன் பக்கத்து இருக்கை. நீட்டினால் கட்டிலாகிற இருக்கை, எதிரே சுவரில் மாட்டிய குழந்தைத் தொட்டில், சூடான துண்டு, கண்ணாடி டம்ளரில் பழச்சாறு. தனகோட்டி அந்த இருக்கையின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு செலவு செய்து தன்னை ஏன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான் என்று யோசித்தாள். குழந்தைக்காக என்று ஒரு பதில் தோன்றியது. தன் மேல் ஒரு கண் வைத்திருக்க என்று இன்னொன்றும் தோன்றியது. அதை உதறிவிட்டாள்.

குழந்தை புட்டியைத் தொடவில்லை. பவுடர் பாலின் வாடை பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. இரண்டு வரிசை தள்ளி ஒருவர் காதில் எதையோ மாட்டிக்கொண்டார். தனகோட்டி எழுந்து தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். அங்கே நடக்க எட்டு அடிதான் இருந்தது. திரை வரை போவாள், திரும்புவாள். திரும்பும் ஒவ்வொரு முறையும் பரணிதரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாற்றுத் துணி எடுக்கக் குழந்தையின் பெட்டியைத் திறந்தாள். மேலே இருந்தவை இப்போது போடும் சட்டைகள். அடியில் இருந்தவை ஒரு வயதுக்கு, இரண்டு வயதுக்கு. தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், கால்தடம் பதித்த அட்டை எல்லாம் ஒரு உறையில். தாத்தாவைப் பார்த்துவிட்டு வரப்போகிற குழந்தைக்கு இரண்டு வயதுச் சட்டை எதற்கு? ஹேமாவின் துணி ஒன்றுகூட இல்லை. பெட்டியை மூடிவிட்டு வெகுநேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

பரணிதரன் தூங்கிப்போன நேரத்தில் விமானப் பணிப்பெண் ஒருத்தி வெந்நீர் கொண்டுவந்தாள். சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண், பெயர் கௌரி. குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, தணிந்த குரலில் சொன்னாள்:

"பாவம். குழந்தைக்கு அம்மா இறந்துட்டாங்கன்னு சார் சொன்னாரு. நீங்க பாட்டியாம்மா?"

ஹேமா இறந்துவிட்டாளா? காலையில் கையாட்டியவள். நீலச் சட்டை போட்டிருந்தவள். தெருமுனை திரும்பிய கார் அதற்குப் பிறகு எங்கே போனது? யார் பார்த்தார்கள்? பொய் சொல்கிறானா, இல்லை, நடந்ததைத்தான் சொல்கிறானா? இரண்டில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் பாட்டி இல்லம்மா" என்றாள். கௌரி அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

பரணிதரன் விழித்ததும் தனகோட்டி கேட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"தம்பி, ஹேமாம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

"யாரு இன்னா சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. கேக்கறேன்."

அவன் தொட்டிலுக்குள் கைவிட்டுக் குழந்தையின் உள்ளங்கையில் ஒரு விரலை வைத்தான். தூக்கத்திலேயே அது விரலைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடியைப் பார்த்தபடியே பேசினான். குரல் மென்மையாகத்தான் இருந்தது.

"விநாயகம் மாமா இப்ப பாய்லராண்டதானே இருப்பாரு? பழைய பாய்லர் அது. பாத்து நிக்கச் சொல்லுங்க, அக்கா."

விரலை எடுக்காமல் அப்படியே வெகுநேரம் இருந்தான். அவன் கண் கலங்கியிருந்ததைத் தனகோட்டி பார்த்தாள். அந்தக் கண்ணீர் அவளுக்கு அவன் சொன்ன வார்த்தையைவிட அதிகப் பயத்தைக் கொடுத்தது.

சிங்கப்பூரில் இறங்கியபோது சாயங்காலம். சென்னை விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. குழந்தை நனைத்துவிட்டிருந்தது. பெண்கள் பக்கம் குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு அறை இருந்தது. பரணிதரன் வாசல் வரை வந்தான். "அஞ்சு நிமிஷம்" என்றான்.

டயப்பர் பையைத் திறந்தபோது அதன் உள்மடிப்பில் ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. பை தொலைந்தால் திருப்பித் தருவதற்காக ஹேமா தன் எண்ணை அதில் எழுதியிருந்தாள். தனகோட்டிக்கு இங்கிலீஷ் படிக்க வராது, எண் படிக்க வரும். ஆனால் போன் அவன் சட்டைப் பையில் இருந்தது.

கதவு திறந்தது. கௌரி. வேலை முடிந்து பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற வழியில் பின்னாலேயே வந்திருந்தாள்.

"உங்க முகம் சரியில்லம்மா. அதான் வந்தேன்."

தனகோட்டி சீட்டைக் காட்டினாள். கௌரி தன் போனில் அழுத்திக் கொடுத்தாள். ஒரே மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ? ஹலோ?"

ஹேமாவின் குரல்தான். தனகோட்டி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான், தனகோட்டி. உயிரோடதான் இருக்கியாம்மா?"

"அக்கா, எங்க இருக்கீங்க? பாப்பா எங்க? வீடு காலியா கெடக்குது. அவரு போன் எடுக்கல. போலீஸ்ல உக்காந்திருக்கேன்."

"சிங்கப்பூரு. பாப்பா என் மடியில இருக்குது. நைனாவுக்கு நெஞ்சு வலின்னு கூட்டினு வந்தாரு."

"மாமனார்ட்ட இப்பதான் பேசினேன். அவரு மில்லுல இருக்காரு. நல்லா இருக்காரு." ஹேமாவின் குரல் உடைந்தது. "போன வாரம்தான் பிரிஞ்சிடலாம்னு அவர்ட்ட சொன்னேன். சரின்னாரு, அக்கா. சிரிச்சிக்கினே சரின்னாரு. தயவுசெஞ்சி அடுத்த பிளேன்ல ஏறாதீங்க."

வெளியிலிருந்து பரணிதரன் கூப்பிட்டான். "அக்கா."

தனகோட்டி எழுந்திருக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டுக் குழந்தையை மடிக்குள் இறுக்கிக்கொண்டாள். விநாயகம் நினைவுக்கு வந்தான், பாய்லர் நினைவுக்கு வந்தது. அத்தை என்று பொய் எழுதிய விசாவும் நினைவுக்கு வந்தது. போலீஸ் வந்தால் தன்னையும் பிடிக்கலாம் என்று நினைத்தாள். குழந்தை அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"நான் வரல தம்பி" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

அவன் கத்தவில்லை. கதவில் ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தட்டு. அப்படியே தட்டிக்கொண்டிருந்தான். கௌரி விமான நிலைய அதிகாரிகளைக் கூப்பிட்டாள். இரண்டு பெண் அதிகாரிகள் வந்தார்கள். ஹேமா அவர்களிடம் போனில் பேசினாள். தகராறு தீரும்வரை குழந்தையை ஏற்ற முடியாது என்று விமானக் கம்பெனி சொல்லிவிட்டது. சென்னை விமானம் அவர்கள் இல்லாமல் கிளம்பியது.

மறுநாள் காலை ஹேமா வந்தாள். அதே நீலச் சட்டை. அதுவரை பரணிதரன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தனகோட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஹேமா குழந்தையை வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பிப் பால் கொடுத்தாள். அதிகாரிகள் குழந்தையின் பாஸ்போர்ட்டைப் பரணிதரனிடம் வாங்கி அவளிடம் கொடுத்தார்கள். குழந்தையோடு மெல்போர்னுக்குத் திரும்பிப் போகும்போது தனகோட்டியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தனகோட்டிக்கும் பரணிதரனுக்கும் சென்னை டிக்கெட் அப்படியே இருந்தது. அன்று மதிய விமானத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பின்னால் எங்கேயாவது உட்காருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தாள். பின்னால் இடம் இல்லை. டிக்கெட்டில் இருந்தபடி முன்வரிசை, பரணிதரன் பக்கத்தில். குழந்தைக்கென்று சொல்லி வைத்ததால் எதிர்ச் சுவரில் தொட்டிலையும் மாட்டிவிட்டுப் போனார்கள்.

நாலு மணி நேரம். அவன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. வெறும் தொட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் ஒரு கேள்வி கேட்டான்.

"கடைசியா பால் குடிச்சாளா?"

"குடிச்சா தம்பி."

சென்னையில் சக்கரம் தரை தொட்டதும் அவள் பாஸ்போர்ட்டையும் போனையும் எடுத்து நீட்டினான்.

"செஞ்சில பாக்கலாம், அக்கா" என்றான்.

அவள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது விநாயகம் நின்றிருந்தான். "இனிமே வர வேணாம்னு மேஸ்திரி சொல்ட்டான்மே" என்றான். காரணம் அவளிடம் கேட்கவில்லை. வழியெல்லாம் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டு வந்தவன், வீட்டு வாசலில் நின்று, "வேற இன்னா செஞ்சிருப்ப" என்றான். பிறகு பக்கத்தில் வல்லத்தில் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலை எடுக்கிற மில்லில் வேலைக்குச் சேர்ந்தான். மருத்துவமனையில் தனகோட்டிக்கு இடமில்லை என்றார்கள். வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைக் குளிப்பாட்ட ஆரம்பித்தாள். சில வீடுகள் கூப்பிட்டன. சில வீடுகள் மில்காரருக்குப் பயந்து கூப்பிடவில்லை.

பரணிதரன் மூன்று மாதம் செஞ்சியில் இருந்தான். அவன் கார் சிறுகடம்பூரில் அவள் தெருமுனையில் வந்து நிற்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டிருப்பான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். யாரும் இறங்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்விடும். எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாது.

"போலீசுக்குப் போலாமா?" என்றான் விநாயகம்.

"இன்னான்னு சொல்றது? வண்டி நிக்குதுன்னா?"

நான்காவது மாதம் கார் வரவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது. ஒரு மத்தியானம் ராஜாராமே வந்தார். தனியாக, ஆட்டோவில். உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தாள், குடித்தார்.

"எனக்குத் தெரியாது தனகோட்டி, எனக்கு நெஞ்சு வலின்னு அவன் சொன்னது" என்றார்.

"தெரியும் மொதலாளி."

"கொழந்த யாரு மாதிரி இருக்குது?"

அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். திருப்பிக் கொடுக்க நேரமானது.

"அவன் நேத்து கெளம்பிட்டான். மெல்போர்னுக்கு. எதுக்குன்னு கேட்டேன். சொல்லல. அவன் சிரிச்சா எனக்கே பயமா இருக்குது." எழுந்து நின்றார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு. நான் சொன்னேன்னு சொல்லாத."

அவர் ஆட்டோ ஏறும்வரைகூட தனகோட்டி பொறுக்கவில்லை. ஹேமாவைக் கூப்பிட்டாள். ஹேமா நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். கோர்ட்டில் உத்தரவு வாங்கிவிட்டதாகவும், குழந்தையை இனி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது என்றும் சொன்னாள். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது கேட்டது.

"ஊர மாத்திடறேன் அக்கா. இந்த வாரமே. எங்கன்னு உங்களுக்கும் சொல்லப் போறதில்ல. நம்பரும் மாறிடும். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா உங்களத்தான் கேப்பாங்க."

"சொல்லாதம்மா" என்றாள் தனகோட்டி. "எனக்குத் தெரியவே வேணாம்."

இரண்டு வருடம் ஆகிறது. அந்த எண் இப்போது யாருக்கும் போவதில்லை. பரணிதரன் இருமுறை போன் செய்தான், இரண்டும் வெவ்வேறு எண்களிலிருந்து. இருமுறையும் ஒரே கேள்வி: "பாப்பா எங்கக்கா?" இருமுறையும் தனகோட்டி, தெரியாது தம்பி என்றாள். மறுமுனையில் அவன் வைக்காமல் காத்திருந்தான். அவள்தான் வைத்தாள்.