சூளையில் போகாத எழுத்து

பேய், பிசாசு என்று யார் பேச்செடுத்தாலும் முதலில் சிரிக்கிறவன் நான்தான். அப்படிப்பட்டவன் ஒரு பீங்கான் பொம்மைக்குப் பயந்து, விருத்தாசலம் ஜங்ஷன் வரைக்கும் செருப்பில்லாமல் ஓடினேன். நம்பினால் நம்புங்கள். செத்துப்போன சிப்பாய் ஒருவர் பொம்மையாகி என்னைத் தேடி வந்துவிட்டார் என்று அன்றைக்கு முழுசாக நம்பினேன்.

எழுபத்தொன்றில் நடந்த சண்டையில் எனக்குத் துப்பாக்கி வேலை இல்லை, மருத்துவ முகாமில் எழுத்து வேலை. அடிபட்டு வருகிறவரின் பெயர், காயம், கொடுத்த மருந்து எல்லாவற்றையும் அட்டையில் எழுதிச் சட்டையில் கட்டிவிடுவேன். வலிக்கு மார்பியா ஊசி போட்டால், நனைந்ததும் ஊதாவாகிற பென்சிலால் நெற்றியிலேயே ஆங்கில ‘எம்’ எழுத வேண்டும். அட்டை தொலைந்தாலும் நெற்றி தொலையாதே. அது தெரியாமல் அடுத்த முகாமில் இன்னொரு ஊசி போட்டால் ஆள் பிழைக்க மாட்டார்.

ஒரு மழை நாளில் வந்தவர் எங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். வயிற்றில் குண்டு. என் பேச்சை வைத்தே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்.

“அண்ணே, மழையில அழிஞ்சிடப் போவுது. நல்லா அழுத்தி எழுதுங்க.”

“உன் நெத்தி என்ன ஸ்கூலு சிலேட்டா? கம்முனு படு.”

சிரித்தார். வண்டி அவரை ஏற்றிக்கொண்டு போனது. மழை விடவில்லை. அடுத்த முகாமில் செத்துப்போனார் என்ற செய்தி மட்டும் பிறகு வந்தது.

ஊர் திரும்பிப் பீங்கான் பட்டறையில் சேர்ந்தேன். ஸ்டேஷன் பக்கம் ஒற்றை அறை. பேச ஆளில்லை, பொம்மைகளோடுதான் பேச்சு. அதுகள் எதிர்த்துப் பேசாது என்பது ஒரு வசதி. சூளையில் அடுக்குவதும் எடுப்பதும் என் வேலை. ஒரு மத்தியானம் வெந்து ஆறியதை எடுக்கிறேன், ஒரு பொம்மையின் நெற்றியில் ஊதா நிறத்தில் ‘எம்’. அப்புறம்தான் அந்த ஓட்டம்.

மேஸ்திரி காசிலிங்கம் சைக்கிளில் துரத்தி வந்து பிடித்தார்.

“ஏய்யா, பொம்மை கடிச்சிடுமா?”

“யாரோ நெத்தியில எழுதியிருக்காங்க மேஸ்திரி.”

அவர் சிரிக்கவில்லை. “யாரோ இல்லய்யா, நீதான். வந்த நாள்லேர்ந்து அடுக்குற ஒவ்வொரு பொம்மையிலயும் எழுதுற. பென்சிலுதானே, நெருப்புல போயிடும்னு நாங்க யாரும் கேக்கல.”

சட்டைப் பையைத் தடவினேன். பென்சில் இருந்தது, பாதிக்கு மேல் தேய்ந்து.

மழையில் அவர் நெற்றியில் எழுத்து நின்றதா, இன்றுவரை தெரியாது. அந்தப் பொம்மையை மேஸ்திரி இன்னொரு தடவை சூளையில் வைத்துச் சுட்டார். எழுத்து அப்படியே இருந்தது.