அம்மா கழற்றிக் கொடுத்த கம்மல்

எழுபதுகளின் நடுவில், ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். எல்லா வகுப்புகளும் ஒரே கீற்றுக் கூரைக்குக் கீழே. கீற்று இற்றுப்போயிருந்தது. மழை வந்தால் பிள்ளைகள் சிலேட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓரமாய் ஒண்டி நிற்பார்கள். கட்டடம் கட்ட நிதி திரட்டலாம் என்று நிர்வாகத்தில் முடிவானதும், அந்த வேலை என் தலையில் விழுந்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் சாயங்காலங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

பெரிய தோல் மண்டி வைத்திருந்த முதலாளி ஒருவர் போகும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார். "இப்ப யாவாரம் ரொம்ப பேஜாரா இருக்குது டீச்சரம்மா. அடுத்த மாசம் வாங்களேன்" என்பார். அடுத்த மாதமும் டீதான்.

என் அம்மாவிடமும் கேட்டேன். வேலூரில் நர்சாக இருந்து ஓய்வு பெற்று என்னோடு இருந்தாள். "உங்க ஸ்கூலுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்? கவர்மெண்டு இன்னா பண்ணுது?" என்று வாயை அடைத்துவிட்டாள்.

பிறகு நிர்வாகத்தில் ஒருவர் மெட்ராசில் யாரையோ பிடித்து ஒரு நடிகையை வரவழைத்தார். அப்போது அவள் உச்சத்தில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளிவரை திறந்த ஜீப்பில் வந்து, பள்ளி வாசலில் துண்டேந்தி வசூல் செய்வதாக ஏற்பாடு.

அன்று ஜோலார்பேட்டையிலிருந்தெல்லாம் ரயிலேறி ஜனம் வந்திருந்தது. வரவேற்புப் பாட்டுக்காகப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஜீப் முனை திரும்பியதும் பாட்டும் இல்லை, வரிசையும் இல்லை. "வர்றாங்கடீ!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். எப்போதும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரியும் ஒரு சின்னப் பெண்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "இந்த நாத்தத்துல மூக்கைக்கூட மூடல பாரு. இன்னா மனசு!"

டேனரிக் கழிவு ஓடும் அந்தத் தெருவில் தினமும் போய் வருகிறவள் நான். நானும்தான் மூக்கை மூடியதில்லை.

நடிகை எதுவும் பேசவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கி, துண்டை ஏந்திக்கொண்டு சிரித்தாள், அவ்வளவுதான். காசும் நோட்டும் விழுந்துகொண்டே இருந்தன. டீ வாங்கிக் கொடுத்த முதலாளி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, கூரை ஓடு முழுக்கத் தன் பொறுப்பு என்று மைக்கில் சொன்னார்.

கைதட்டல் ஓயுமுன் அம்மாவைப் பார்த்தேன். வெயில் ஜாஸ்தி, வரமாட்டேன் என்று காலையில் சொன்னவள். காதிலிருந்து கம்மலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். என் கல்யாணத்தன்று போட்டுக்கொள்ளக் கேட்டும் தராத சிவப்புக்கல் கம்மல். அதைத் துண்டில் போட்டாள். நடிகை அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் துண்டில் கிடந்த கம்மலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்குக் கட்டடம் வரப்போகிறது என்ற நினைப்பே அப்போது எனக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "நான் கேட்டப்ப ஒரு ரூபா கூட தரலையேம்மா?"

"நீ அடுப்படில நின்னுகினு கேட்ட. அவங்க அத்தினி பேர் முன்னாடி கேட்டாங்க" என்றாள் அம்மா. "அவங்க கை எவ்ளோ மெத்துன்னு இருந்துச்சி தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன், நீயும் கிட்ட வந்திருக்கலாமில்ல?"

சிதறிப்போன பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பதற்குள் ஜீப் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை.

கட்டடம் எழும்பியது. வாசல் கல்லில் நடிகையின் பெயர், கீழே நிர்வாகத்தாரின் பெயர்கள். என் பெயர் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். தனி அறையில் பாடம் நடத்துவது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஆலங்காயத்திலிருந்து வரும் சொந்தக்காரர்கள்கூட, "அந்த நடிகை கட்டுன ஸ்கூல்லதானே உனக்கு வேலை?" என்பார்கள். ஆமாம் என்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில், அந்த நடிகை தாய் வேஷம் போட்ட ஒரு படம் எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. அம்மா விடாமல் என்னை இழுத்துப்போனாள். ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இடைவேளைக்குப் பிறகு, ஊரைவிட்டுப் போகும் மகனை வழியனுப்புகிற காட்சியில் தியேட்டரே அழுதது. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அம்மா பார்த்துவிடப் போகிறாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நடிகை நன்றாகவே நடித்திருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.