குற்றாலிங்கம் விமானம் இறக்கிய கதை

1987 ஆடியில், சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவிக்குப் போகும் சாலையோரக் கொட்டகை ஒன்றில் இலத்தூர் குற்றாலிங்கம் ஒரு விமானத்தைத் தரையில் மோதி நொறுக்கினார். விமானம் டிவிப் பெட்டிக்குள் இருந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் பதினைந்து வருடமாக ஊரில் அவருக்குப் பெயர் 'பைலட்'.

விமானப்படையில் இருந்தது உண்மைதான். ஓடுபாதையின் ஓரத்தில் நிற்கும் தீயணைப்பு வண்டியில் வேலை. ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் குழாயைப் பிடித்தபடி ஆயத்தமாக நிற்க வேண்டும். பத்திரமாக இறங்கிவிட்டால் உட்கார்ந்துகொள்ளலாம். விமானத்துக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

பெண் பார்க்கப் போன அன்று தரகர், "மாப்பிள்ளை பிளேன் ஓட்டுதாரு" என்று அடித்துவிட்டார். மாமனார் எழுந்து நின்று கும்பிட்டார். கல்யாணம் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று குற்றாலிங்கம் பேசாமல் இருந்தார். அதற்குள் தெருவில் முப்பிடாதி அம்மன் கோயில் திருவிழாவான கொடை வந்தது. சாமி மரியாதையாகத் தலையில் கட்டும் பட்டுத் துணிக்குப் பரிவட்டம் என்று பெயர். முதல் பரிவட்டம் முறைப்படி அவருடைய பெரியப்பா மகன் சுடலையாண்டிக்கு உரியது. வானத்தில் போனவனுக்குத்தான் முதல் மரியாதை என்று ஊர்க்காரர்கள் அதை இவர் தலையில் கட்டினார்கள். சுடலையாண்டி முணுமுணுக்காமல் ஒதுங்கிக்கொண்டார். பிறகு வருடாவருடம் அப்படியே ஆயிற்று. வேலையிலிருந்து ஓய்வுபெற்று வயலைப் பார்க்க வந்த பிறகு உண்மையைச் சொல்ல இடமே இல்லாமல் போனது.

கொட்டகை கடையநல்லூர் துல்கர்னைனுடையது. துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி, கேசட்டைப் போட்டு, சீசன் கூட்டத்துக்கு விமானம் ஓட்டும் விளையாட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். குளித்துவிட்டு வந்த வழியில் அதைப் பார்த்தது குற்றாலிங்கத்தின் மைத்துனன் நம்பிராஜன். போலீஸ்காரர், தொண்டையும் அதற்கேற்றது.

"எல்லாம் தள்ளுங்கய்யா! எங்க அத்தான் நெசப் பிளேனையே இறக்குன ஆளு!"

ஈரத் துண்டோடு கூட்டம் கூடிவிட்டது. மனைவி ஆவுடைத்தாய் முன்னால் வந்து நின்றாள். குற்றாலிங்கம் உட்கார்ந்தார். திரையில் கோடுகளாக ஓடுபாதை தெரிந்தது. எந்தப் பொத்தான் எதற்கென்று துல்கர்னைன் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. தரை பெரிதாகிக்கொண்டே வந்தது. மூக்கைத் தூக்குவதாக நினைத்து அமுக்கினார்.

"நல்லவேள, நாம ஏறல அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, கூட்டம் சிரித்தது.

"மிஷினு சரியில்ல," என்று நம்பிராஜன் துல்கர்னைனிடம் சண்டைக்குப் போனார். அதுதான் குற்றாலிங்கத்தை அதிகம் கூசவைத்தது. அவர் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமா, மிஷினு வேற மாதிரி" என்றார்.

மறுநாள் உரம் வாங்கத் தென்காசிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறி ஐந்தருவிக்கு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒருமுறை ஒழுங்காக இறக்கிவிட்டால் போதும், கொடைக்கு முன்னால் ஊர் வாயை அடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மழையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து உட்காருவார். விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழும், தாண்டி விழும், பக்கத்தில் விழும். துல்கர்னைன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

"தரையவே பாக்காதீங்க அண்ணாச்சி. தரையப் பாத்தா பயம் வரும், கை அமுக்கிரும். வேகம் காட்டுத முள்ளப் பாருங்க. வேகம் கொறையட்டும். கடைசியில மட்டும் மூக்கக் கொஞ்சம் தூக்குங்க, பின் சக்கரம் மொதல்ல தொடணும்."

பின் சக்கரம் முதலில் தொடுவதைக் குற்றாலிங்கம் வருடக்கணக்கில் குழாயும் கையுமாகப் பார்த்திருக்கிறார்.

"மனசு விடாதீங்க," என்றார் துல்கர்னைன். "போன வாரம் திருவனந்தபுரத்துலேர்ந்து ஒரு நெசப் பைலட் வந்தாரு. அவரும் முட்டிட்டுத்தான் போனாரு."

நல்ல சாக்கு. பிடித்துக்கொண்டிருக்கலாம். "நான் பைலட் இல்ல தம்பி. தீயணைப்பு வண்டியில நின்னவன்," என்றார் குற்றாலிங்கம்.

துல்கர்னைன் கேசட்டைத் திருப்பிப் போட்டார். "வீட்டுல தெரியுமா?"

"உனக்கு மட்டுந்தான் தெரியும்."

கொடைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம்பிராஜனையும் ஆவுடைத்தாயையும் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டம் நின்றது. முள்ளைப் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், கடைசியில் மூக்கைத் தூக்கினார். விமானம் ஓடுபாதையில் ஓடி நின்றது. நம்பிராஜன் விசிலடித்தார். துல்கர்னைன் கைதட்டவில்லை, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நம்பிராஜன் தென்காசியில் இறங்கிக்கொள்ள, இலத்தூர் பஸ்ஸில் ஆவுடைத்தாய் கணவனிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நடுவில் கறுத்த வடு.

"தோசக்கல்லு சுட்டதுன்னு சொன்னேம்லா, அது பொய்யி. குழாயடியில 'உங்க பைலட்டு டிவிக்குள்ளயே முட்டிட்டாராம்லா'ன்னு ஒரே கேலி. கோயில்ல எல்லாரு முன்னாலயும் சூடம் ஏத்தி, கையால அணைச்சிச் சத்தியம் பண்ணிட்டு வந்துட்டேன். எம் புருசன் பிளேன் ஓட்டுனவருன்னு."

குற்றாலிங்கம் அந்தக் கையையே பார்த்தார். அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம். செய்தது பொய் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"ஆவுட, நான் பிளேன் ஓட்டுனதே இல்ல."

"இப்பத்தான ஓட்டுனிய?"

"இது இந்த மாசம் கத்துக்கிட்டது."

தீயணைப்பு வண்டி, தரகர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கிழமை கொடை. பூசாரி பரிவட்டத்தோடு வந்தபோது குற்றாலிங்கம் தலையைக் குனியவில்லை. மேளத்தை நிறுத்தச் சொன்னார்.

"நான் பைலட் இல்ல. பிளேன் இறங்கும்போது தீயணைக்க நின்ன ஆளு. எம் பொண்டாட்டி பண்ணுன சத்தியம் என் பொய்ய நம்பிப் பண்ணுனது. அந்தப் பாவம் எனக்குத்தான். இத அண்ணனுக்குக் கட்டுங்க."

கூட்டத்தில் ஒரு குரல், "அப்பம் இனிமே நெருப்பு வண்டின்னு கூப்பிடுவோமா?" என்றது. சிரிப்பு பந்தலைச் சுற்றி வந்தது. நம்பிராஜன் சீருடைத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். சுடலையாண்டி தம்பியின் முகத்தைப் பார்க்காமலே முன்னால் வந்து தலையைக் குனிந்தார்.

ஆவுடைத்தாய் கணவனோடு பேசத் தொடங்கப் புரட்டாசி ஆயிற்று. முதல் பரிவட்டம் அன்று முதல் சுடலையாண்டிக்குத்தான் கட்டப்படுகிறது.