இரண்டு கையிலும் பாவு

"எதிர்வீட்டு செல்வி அக்கா பாட்டுக்கு என் தறிச் சத்தமே தேவலை" என்று நேற்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்.

"ஜல்தியா அழிச்சிடுங்க" என்றாள் மனைவி.

"கருத்துச் சுதந்திரம்" என்றேன்.

இன்று காலை புடவைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்தோம். எப்போதும்போல் அக்காவும் உதவிக்கு வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எழுதிகினே இருப்பா, யாரு வாணாம்னா? நான் பாடிகினே இருக்கேன்."

பாடினார். ஐந்து பாட்டு. தெருவே சிரித்தது. என் முனையை விட்டால் இழையெல்லாம் சிக்கிவிடும்.

பாவு அருமையாக வந்திருக்கிறது. ஐந்தாவது பாட்டுகூடப் பரவாயில்லை.

கருத்துச் சுதந்திரம் இருந்து என்ன, காதைப் பொத்தக் கை இல்லையே!